நாலாம் பெட் நோயாளி

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் ஏமாளி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவேன். அப்பேர்ப்பட்ட நான் இரண்டு வருடப் படிப்பை ஃபீஸை மட்டும் பார்த்து வாங்கப் போனேன்.

ஆம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஆறு வருடமாக நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு நோயாளி கண்ணெதிரே சரிந்துகொண்டிருப்பான். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் எடுக்கும்வரை நிற்க வேண்டும். ஆறு வருடம் நின்றது போதும் என்றுதான் நர்ஸ் பிராக்டிஷனர் படிக்க முடிவு செய்தேன். அதைப் படித்தால் நோயாளியை நாமே பரிசோதித்து, வரையறுத்த அளவுக்குள் நாமே மருந்தைத் தொடங்கலாம்.

மூன்று இடங்களைப் பார்த்து வைத்தேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. ஃபீஸ் கட்டுப்படியாகும், ஆனால் நுழைவுத் தேர்வு. சீட்டோ ஒரு கை விரலுக்குள் அடங்கும். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் அங்கேயே கிடக்க வேண்டும். சென்னையில் ஒன்று. அங்கே ஃபீஸை விட ஹாஸ்டல் செலவு கழுத்தை நெரித்தது. மூன்றாவது, வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலை ஓரம் நாலு மாடியில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து புதிதாக எழும்பியிருந்த ஒரு கல்லூரி. அங்கே அட்மிஷன் பார்க்கும் கோவிந்தசாமி போனில் தேன் ஒழுகப் பேசினார்.

"நீங்க வேலைய விடவே தேவையில்ல சிஸ்டர். மாசம் ஒரு வாட்டி வந்து கையெழுத்து போட்டா போதும். மத்தத நாங்க பாத்துக்கறோம். ஃபீஸும் மத்த எடத்த விட கம்மி."

ஐ.சி.யூ.வில் நின்று கற்க வேண்டிய படிப்பை மாதம் ஒரு கையெழுத்தில் எப்படிக் கற்பது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சம்பளம் நிற்காது என்ற ஒரே நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். சவுரியம்மாள் என்றால் எங்கள் பக்கத்து ஷூ கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுகிற வேலை. அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் அந்தப் பசைதான் சோறு போட்டது.

"கம்மின்னா அங்கயே சேர்ந்துடு. நான் ஓ.டி. ஜாஸ்தி பாக்கறேன்" என்றாள் அம்மா.

"உனக்குத் தான் தலை சுத்துதுன்னு சொல்ற. ஓ.டி. வேற எதுக்கு?"

"அது பசை வாசனைடி. ஜன்னல தொறந்தா சரியாப்பூடும்."

இரண்டு மாதமாக அவளுக்குத் தலைசுற்றல். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பித்தமாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு கொடுத்தேன். ஐ.சி.யூ. நர்ஸ் நான். பெற்றவளின் மணிக்கட்டை ஒரு தரம் பிடித்துப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. வழக்கம்போல அம்மா ஏழு மணிக்கே டிபன் பாக்ஸோடு பச்சையப்பன் ஓட்டும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள். நான் பஸ் பிடித்து, அட்வான்ஸ் கட்டக் கல்லூரிக்குப் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். உள்ளே ஆட்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தசாமி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சிஸ்டர். இன்னிக்குத் தான் இன்ஸ்பெக்சன். இது முடிஞ்சா தான் கோர்ஸுக்கு அனுமதி வரும். ஐ.சி.யூ.ல நிக்க ஒரு ஆள் கம்மி. நீங்க எப்படியும் நம்ம ஸ்டூடண்ட் தானே. கோட்ட மாட்டிக்கினு ரெண்டு மணி நேரம் நில்லுங்க. ஃபீஸ்ல பத்தாயிரம் கழிச்சிடறேன்."

இந்த இடத்தில் நான் கோபப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பத்தாயிரம் என்றதும் என் கோபம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. வெள்ளைக் கோட்டை வாங்கி மாட்டினேன். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். அதில் என் பெயர்கூட இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயரும், 'சீனியர் டியூட்டர்' என்ற பதவியும் இருந்தன.

ஐ.சி.யூ. மூன்றாம் மாடியில். ஆறு கட்டில், ஆறிலும் ஆள். எல்லோருக்கும் கழுத்துவரை பச்சைப் போர்வை, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். உள்ளே என் வயதுக்குச் சற்றுக் குறைந்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள். சௌமியா என்று பெயர் சொன்னாள்.

"நீங்களும் இன்ஸ்பெக்சனுக்கா அக்கா? நான் ஆந்திரா பக்கம் குப்பத்துலர்ந்து வர்றேன். போன மாசம் இதே மாதிரி வேற காலேஜ்ல நின்னேன்."

"பேஷன்ட்டுங்க?"

"அவங்களும் வேன்ல வந்தவங்க தான். தலைக்கு ஐநூறு, மத்தியானம் பிரியாணி." அவள் சிரித்தாள். "மானிட்டர்ல ஓடுறதும் டெமோ தான், சும்மா நம்பர். தொடாதீங்க."

பிரியாணிக்குப் படுத்திருக்கிற நோயாளிகளை வைத்து நான் என்னத்தைப் படிக்கப் போகிறேன்? அப்போதும் கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு மணி நேரம்தானே என்று மானிட்டர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் கட்டிலில் இதயத் துடிப்பு எண்பது. இரண்டாவதிலும் எண்பது. மூன்றாவதிலும் அதே எண்பது, அதே கோடு. நாலாவதில் முப்பத்தெட்டு.

"இது ஏன் முப்பத்தெட்டு காட்டுது?"

"அது பழைய மிஷின் அக்கா, டெமோ வரல. அதனால வயர அந்தம்மா மேலயே மாட்டிட்டோம். மிஷின் சரியில்ல போல. சும்மா சும்மா கத்திச்சி, சவுண்ட நிறுத்திட்டேன்."

கோடுகளைப் பார்த்தேன். இதயத்தின் மேல் அறை ஒரு கணக்கில் துடித்துக்கொண்டிருந்தது, கீழ் அறை அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு எப்போதாவது ஒரு தரம் துடித்தது. மிஷின் கெட்டுப்போனால் இப்படி வராது. இது ஹார்ட் பிளாக், மேலிருந்து கீழே துடிப்பின் செய்தி போய்ச் சேராத இதய அடைப்பு. குனிந்து போர்வையை விலக்கி மணிக்கட்டைப் பிடித்தேன்.

விரல் நுனிகளில் மஞ்சள் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் பழைய கத்தி வெட்டு. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

மாஸ்க்குக்கு மேலே அம்மாவின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனிக்குப் போனவள் இங்கே எப்படி? அதே பச்சையப்பன், அதே வேன் என்று புரிய எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. அம்மாதான் முதலில் மாஸ்க்கை விலக்கினாள்.

"இன்னாடி கோட்டு இது? நீ எங்க இங்க?"

"நீ எங்கம்மா இங்க?"

"கம்பெனில ஆர்டர் இல்லடி. வாரத்துல ரெண்டு நாள் லீவு வுட்டு ஒரு மாசமாவுது. உன்கிட்ட சொன்னா படிப்பே வேணாம்னுடுவ. பச்சையப்பன் தான் சும்மா படுத்தா ஐநூறுன்னான். உன் காலேஜுன்னு தெரிஞ்சா வந்திருப்பனா?"

அவள் பேசிக்கொண்டிருக்க, என் விரல் அவள் நாடியில் இருந்தது. துடிப்பு. நீண்ட வெறுமை. மறுபடி ஒரு துடிப்பு. மிஷின் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் உண்மை பேசியது அது ஒன்றுதான்.

"எம்மா, தலை சுத்துதா இப்போ?"

"படுத்தா கம்மியாத்தான் இருக்கு. பேஜார் பண்ணாத, போய் நில்லு. எந்திரிச்சா காசு தர மாட்டான். நாலு மணி வரைக்கும் படுக்கணும்."

அவசர மருந்து வண்டியை இழுத்துத் திறந்தேன். துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியின் பெயர் எழுதிய டப்பா இருந்தது, உள்ளே ஒரு ஊசிகூட இல்லை. அடுத்த டப்பா காலி. அதற்கடுத்ததும் காலி. எல்லா டப்பாவும் வரிசையாக, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தது. நான் என்னை மறந்து கத்தினேன். சௌமியா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மற்ற ஐந்து நோயாளிகளும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஓடி வந்த கோவிந்தசாமி வாசலிலேயே நின்று கைகூப்பினார். "சிஸ்டர், இன்ஸ்பெக்சன்காரங்க கீழ வந்துட்டாங்க. பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் அந்தம்மாவ அப்படியே படுக்க வைங்க."

"இது எங்கம்மா" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. 108-க்கு நானே போன் போட்டேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு லிப்டை விட்டு வெளியே வரும்போது, இன்ஸ்பெக்சனுக்கு வந்த மூன்று பேர் எதிரே நின்றிருந்தார்கள். கண்ணாடி போட்டவர் என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு என்ன கேஸ் என்று கேட்டார். இதய அடைப்பு, துடிப்பு முப்பத்தாறு, வேலூருக்கு மாற்றுகிறோம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அம்மாவின் நாடியைத் தவிர எனக்கு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

வேலூரில் இதயத்தைத் துடிக்க வைக்கும் தற்காலிகக் கருவி போட்டு அன்றைக்கு உயிரைப் பிடித்து வைத்தார்கள். மறுநாள் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கம்பெனியின் இ.எஸ்.ஐ. அட்டை செலவைப் பார்த்துக்கொண்டது. இன்னும் ஒரு வாரம் இஞ்சிச் சாறு குடித்திருந்தால் மாடிப்படியிலேயே போயிருப்பாள் என்று டாக்டர் நேராகவே என்னிடம் சொன்னார். வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அம்மா வார்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், அம்மா எப்படி இருக்காங்க? ஒரு நல்ல சேதி. இன்ஸ்பெக்சன் பாஸ். அவசர கேஸ நம்ம ஸ்டாஃப் கண்டுபிடிச்ச விதம் ரொம்ப நல்லாருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாங்களாம். எல்லாம் உங்களால தான். சேர்மன் சொல்லிட்டாரு, உங்களுக்கு ஃபீஸே வேணாம். ரெண்டு வருஷமும் ஃப்ரீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தே இல்லாத அந்த ஐ.சி.யூ.வுக்கு என் கையாலேயே நற்சான்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மா சாக நூலிழை மிச்சமிருந்த அறை அது.

அம்மா இட்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஃப்ரீயாம்மே" என்றாள் மெதுவாக. "வேலைக்கும் போய்க்கலாம்."

"எம்மா, அங்க படிச்சவளா நான் அன்னிக்கு நின்னிருந்தா, மிஷின் சரியில்லன்னு சொல்லிட்டு அஞ்சாவது பெட்டுக்குப் போயிருப்பேன். உன் கையத் தொட்டிருக்க மாட்டேன்."

அம்மா நெஞ்சுக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள்.

"சார், நான் நாலாம் பெட்டு பேசறேன். என் ஐநூறு ரூபா இன்னும் வரல. நாலு மணி வரைக்கும் படுக்கலன்னு பச்சையப்பன் குடுக்க மாட்டேன்றான்."

"அம்மா, அது வந்து..."

"மத்தவங்கள்லாம் நடிக்க வந்தவங்க. நான் நெஜமாவே பேஷன்ட்டு. உங்க ஆஸ்பத்திரி தொறந்ததுலர்ந்து வந்த ஒரே பேஷன்ட்டு நான் தான். எனக்குக் குடுத்துடுங்க."

நான் போனை என் பக்கம் திருப்பினேன். நான் உங்கள் ஸ்டாஃப் இல்லை என்றும், அந்த அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கிறது என்றும், நானும் கோட் மாட்டி நின்றதை மறைக்காமல், நடந்தது அத்தனையையும் இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர்களுக்கு எழுதப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டு வைத்தேன். எழுதினால் என் வேலைக்கும் ஆபத்து வரலாம். வந்தால் வரட்டும்.

"அந்த வேலூர் நுழைவுத் தேர்வுக்கு மனு போட எப்போடி கடைசி நாள்?" என்று கேட்டாள் அம்மா.

"வெள்ளிக்கிழமை."

"எழுது. சீட் கெடைக்கலன்னா அடுத்த வருஷமும் எழுது. இந்த நெஞ்சு மிஷின் பத்து வருஷம் ஓடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பசைக் கறை இன்னும் போகவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். எழுபது.