விலை தெரிந்த சீர்

இப்போதெல்லாம் எவன் எதைக் கொடுத்தாலும் விலையையும் சேர்த்தே கொடுக்கிறான். கல்யாணத்துக்கு வருகிறவன் மொய்க் கவரை நீட்டும்போதே உள்ளே எவ்வளவு என்று காதில் சொல்லிவிடுகிறான். புதுப்புடவையைக் காட்டினால், எத்தனை பர்சென்ட் தள்ளுபடி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் சேரப்பணஞ்சேரியில் சீர்த்தட்டில் விலைச்சீட்டு இருந்தால் அசிங்கம். அதனால்தான் அந்தப் பில்லை நான் உருவினேன்.

என் மகள் மஞ்சுளா ஜெர்மனியில் இருக்கிறாள். ஒரகடம் கார் கம்பெனிதான் மாப்பிள்ளையை அங்கே அனுப்பியது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவத்துக்குத் துணை போக என் பெண்டாட்டி உயிரோடு இல்லை. சம்பந்தியம்மா கோமதியம்மாள்தான் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள். தொட்டில் சீர் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பித்தளைத் தொட்டில் சங்கிலி, மகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் புடவைகள், மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எல்லாவற்றையும் என் மகன் லோகேஷ் போனிலேயே வாங்கிவிட்டான். ஒரகடம் கூட்டு ரோட்டில் கூரியர் கடை வைத்திருக்கும் ஜாஸ்மின் அதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே பில்லை வைத்தாள். அவள் டேப் எடுக்கக் குனிந்தபோது நான் அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து கிழித்து எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஞ்சுளா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா, பார்சலை கஸ்டம்ஸ்ல புடிச்சி வெச்சிட்டாங்க. உள்ள கடை பில்லு இல்லியாம். பில்லு இல்லன்னா அவங்களே ஒரு வெலை போட்டு வரி கேப்பாங்களாம். அதை இவர் கட்டணுமாம்."

"நான் அனுப்புன சீருக்கு மாப்பிள்ளை ஏன் கட்டணும்?"

"அதான் அத்தையும் கேக்கறாங்க. பொண்ணு வூட்டு சீரை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களான்னு. கட்டாத, திரும்பிப் போவட்டும்னு இவர்கிட்ட சொல்லிட்டாங்க. இன்னிக்கு இங்க ஆபீஸ் மூடறதுக்குள்ள பில்லு வரணும்ப்பா."

"நீ இன்னா சொன்ன?"

அவளுக்குப் பின்னால் குழந்தை அழுதது. போனை வைத்துவிட்டாள். சீர் திரும்பி வந்தால் அந்த வீட்டில் அவளுக்குக் காலத்துக்கும் பேச்சுத்தான்.

ஜாஸ்மின் கடைக்கு ஓடினேன்.

"புடவை மேலயே வெச்சனே தாத்தா" என்றாள்.

"எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"வெலை தெரியக்கூடாது."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சம்பந்திக்குத் தெரியக்கூடாது, சரி. கஸ்டம்ஸ்காரன் உனக்கு இன்னா சம்பந்தியா?"

அவளே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"உன் பையன் போன்ல அந்த பில்லு இருக்கும். எனக்கு அனுப்பச் சொல்லு. சீரை அனுப்பறவங்களே வரி கட்றாங்கன்னு மாத்திடறேன். மாப்பிள்ளை ஒரு பைசா தர வேணாம்."

"வரியும் நானா? அனுப்பற கூலி வாங்கறப்ப இதைச் சொன்னியா?"

"யார் கட்டறதுன்னு அன்னிக்கே கேட்டேன். பொண்ணுக்குக் குடுக்கறதுக்கு ஏது வரி, போம்மான்னு சொன்ன."

சொன்னேன்தான். என்னிடம் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தேகம் இப்போதும் முழுசாகப் போகவில்லை.

லோகேஷுக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கம்பெனியில் வேலை செய்யும் லைனுக்குப் போகும் முன் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டுமாம். ஷேர் ஆட்டோ பிடித்து அவன் கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

"ஷிப்டு முடியாம வுட மாட்டாங்க பெரியவரே" என்றான் செக்யூரிட்டி. "வூட்ல சாவு கீவா?"

சாவு என்று சொல்லியிருந்தால் உடனே விட்டிருப்பான். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நேரத்தில் அந்த வார்த்தை என் வாயில் வராது.

"சாவு இல்ல. என் பேத்திக்கு தொட்டில் போடறோம்."

அவன் சிரித்தான். ஆனாலும் உள்ளே போன் செய்தான். வெயிலில் நின்றேன். உள்ளே போகும் லாரி ஒவ்வொன்றுக்கும் கேட் திறந்தது, என் பையன் மட்டும் வரவில்லை. கடைசியில் தொப்பியோடு வந்தான், கையில் போன்.

"சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்திருக்கணும்ப்பா நீ" என்று முணுமுணுத்தபடியே பில்லைத் தேடினான்.

"டேய், வெலையை மட்டும் மறைச்சி அனுப்ப முடியுமா?"

"வெலையத்தான் கேக்கறாங்க."

"சம்பந்தியம்மா பாத்தா?"

"பாக்கட்டும். வுடு."

அவன் பில்லை ஜாஸ்மினுக்கு அனுப்பியதும் திரும்பக் கடைக்கு வந்தேன். ஜாஸ்மின் கேட்ட வரியை முறைத்துக்கொண்டே கொடுத்தேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள், யாருக்கோ போன் செய்தாள், காத்திருக்கச் சொன்னாள். வாங்கி வைத்த டீ ஏடு கட்டியது. ஷிப்டு பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போன பிறகுதான் மஞ்சுளா கூப்பிட்டாள்.

"வுட்டுட்டாங்கப்பா. நாளைக்கு வூட்டுக்கே வந்துடுமாம்."

"சம்பந்தியம்மா இன்னா சொல்றாங்க?"

"பில்லு இவர் போனுக்கும் வந்துச்சி. அத்தை வாங்கிப் படிச்சாங்க. எனக்கே இவ்ளோ வெலையில புடவையான்னாங்க. இப்ப ஊர்ல எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிகினு இருக்காங்க." அவள் இப்போது சிரித்துக்கொண்டே சத்தமாகப் பேசினாள், ஜாஸ்மினுக்கும் கேட்டது.

எனக்கு மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

"பாத்தியா தாத்தா?" என்றாள் ஜாஸ்மின். "பில்லை உள்ளயே வுட்டிருந்தா இவ்ளோ அலைச்சலே இல்ல."

"மத்தியானம் திருப்பி அனுப்புன்னவங்க, வெலையப் பாத்ததும் வெச்சிக்கறாங்க. இது உனக்கு நல்லா கீதா?"

"பொண்ணு சிரிக்குதுல்ல. இந்தா, வரி கட்டின ரசீது. இதையும் கிழிச்சிடாத."

வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அடுத்த முறை பில்லை உள்ளே வை என்று அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சரி என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.