பின்சில்லின் தடம்

முதல் நாள் சுமித்திரா பழியைப் பற்றறியின் மேல் போட்டாள். இரண்டாம் நாள் பிரேக்கின் மேல் போட்டாள். மூன்றாம் நாள் பழி போடுவதற்குச் சைக்கிளில் வேறு சாமான் மிஞ்சவில்லை.

தண்ணீரூற்று ஊரில் நவ்பரின் சைக்கிள் கடைக்குப் பத்து மின்சாரச் சைக்கிள்கள் வந்திறங்கியிருந்தன. காட்டுப் பாதையில் ஓடவென்றே செய்தவை. முன்சில்லுக்கு அமுங்கி எழும்பும் சஸ்பென்ஷன் உண்டு. பின்பக்கம் அப்படியொரு சொகுசும் கிடையாது. ஹார்ட்டெயில் என்று அந்த வகைக்குப் பெயர். பெடலை மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து உழைக்கும். பாரம் கூடினால் கூடுதலாக உழைக்கும், அதற்கேற்பப் பற்றறியும் இறங்கும். நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சம் என்று ஹான்டில் நடுவிலுள்ள சின்னத் திரை சொல்லிக்கொண்டே வரும்.

வரும் சனிக்கிழமை வவுனியாவிலிருந்து எட்டு ஆசிரியைகள் வருகிறார்கள். தார் வீதியில் பள்ளிக்கூடம் போய்வந்ததைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவர்கள். அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவதற்கு முன் சைக்கிளையும் பாதையையும் ஓடிப் பார்த்து, புதியவர்களுக்கு ஏற்றது என்று படிவம் நிரப்பிக் கையெழுத்து வைக்கும் வேலை சுமித்திராவுடையது. அது சரிவந்தால் நிரந்தரமாக வழிகாட்டி வேலை. மிதிவெடி அகற்றும் வேலை முடிந்து நாலு வருடம் வீட்டில் கைகட்டி இருந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"இது நீங்கள் கையால தடவின நிலம் அக்கா. உங்களை விட ஆருக்குத் தெரியும்?" என்றான் நவ்பர். அவளை விட ஏழு வயது இளையவன். புத்தளத்தில் பிறந்து, தகப்பனின் ஊருக்குத் திரும்பி வந்தவன். அந்தப் பத்துச் சைக்கிளிலும் அவனுடைய உயிர் இருந்தது.

"ஓம், எனக்குத் தெரியும்" என்றாள் சுமித்திரா. சிரித்துச் சமாளித்தாள்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு ஏறினாள். நல்ல வெயில். மோட்டார் உதவியை இரண்டாம் படியில் வைத்தாள். சைக்கிள் சொல் கேட்டது. மேட்டில் யாரோ தோளைத் தொட்டுத் தள்ளிவிடுவது போல் இதமாக ஏறியது. புதியவர்கள் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உடைந்த மதகடியில் பாதை காட்டுக்குள் திரும்பும். அங்கே வேகத்தைக் குறைத்தாள்.

அப்போது முன்சஸ்பென்ஷன் மெல்ல எழும்பியது. பின்னுக்குப் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்குமே, அதே போல. மோட்டாரின் சத்தம் ஒரு சுதி இறங்கிக் கனத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கரியரே இல்லாத சைக்கிள்; மட்காட் கூட இல்லை. யார் ஏறுவது?

மதகடியிலிருந்து பாலை மரம் நிற்கும் வளைவு வரை மூன்று கிலோமீற்றர். நாலு வீதம் குடிக்க வேண்டிய பற்றறி ஒன்பது வீதம் குடித்தது. வளைவை எட்டியபோது அவள் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, விரல் மடக்கித் தட்டுவது போல. உடனே சைக்கிள் லேசானது. மோட்டார் பழைய சுதிக்கு வந்தது.

பற்றறியில் ஏதோ கோளாறு, தட்டியது வேர், என்று தனக்குள் சொன்னாள். பின்பக்கம் விறைத்த சைக்கிள். வேர் தட்டினால் முதுகு சொல்லத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் படிவத்தில் எழுதினாள்: 'பின்பக்கம் மென்மையில்லை. தரையில் உள்ளது எல்லாம் முதுகில் தெரியும். புதியவர்களுக்கு இது நல்லதே. தரையைப் படிக்கப் பழகுவார்கள்.' நல்ல வசனம்தான். ஆனால் அதை அவளே நம்பவில்லை.

ஏனென்றால் அந்த இரண்டு தட்டு அவளுக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும்போது அதே மதகடியில் கமலேஸ்வரி காத்துக்கொண்டு நிற்பாள். சுமித்திராவின் பழைய சைக்கிள் நிற்பதற்கு முன்பே ஓடிவந்து கரியரில் குந்துவாள், இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு. இறங்க வேண்டிய இடம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். முதுகில் இரண்டு தட்டு. வேலையிலும் அவர்கள் சோடி. ஒருத்தி குனிந்து தோண்டும்போது மற்றவள் தள்ளிப் பின்னால் நின்று கவனிப்பாள். பிறகு மாறுவார்கள். தேடாத நிலத்துக்குச் சிவப்புத் தடி, தேடி முடித்த நிலத்துக்கு வெள்ளைத் தடி. வெள்ளைத் தடி நட்டால், இனி அங்கே குழந்தை தவழலாம் என்று அர்த்தம்.

அந்தக் காட்டில் கடைசி வெள்ளிக்கிழமை, கடைசித் துண்டு நிலம், பாலை மரத்தடி. வேருக்குள் முள்ளுக்கம்பித் துண்டுகள் சிக்கிக் கிடந்ததால் உலோகம் தேடும் கருவி ஓயாமல் கத்தியது. அன்று பின்னேரம் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். "இதைத் திங்கட்கிழமை வேரோட கிண்டுவம் சுமி, அவசரப்படாத" என்றாள் கமலேஸ்வரி. "கம்பிதானடி கத்துது" என்று சொல்லி, சுமித்திரா சிவப்புத் தடியைப் பிடுங்கி வெள்ளைத் தடியை நட்டாள். திங்கட்கிழமை வேறு நிலத்தில் வேலை தொடங்கியபோது கமலேஸ்வரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சலில் இறந்துபோய்விட்டாள். அந்த மரத்தடி நிலத்தைப் பற்றிச் சுமித்திரா ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கம்பியாகத்தான் இருக்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது படிவத்தில் ஐந்தாவது கேள்வி அவளை முறைத்துக்கொண்டிருந்தது. 'ஓடுபவர் தடுமாறிப் பாதையை விட்டு விலகினால் பக்கத்தில் ஆபத்து உண்டா?'

புதிதாக ஓடுகிறவர்களுக்கு ஒரு குணம். எதற்குப் பயப்படுகிறார்களோ அதையே பார்ப்பார்கள்; எதைப் பார்க்கிறார்களோ அங்கேயே சைக்கிள் போகும். வளைவில் பதறி ஒரு மிதி கூட மிதித்துவிட்டால் மோட்டாரும் சேர்ந்து உந்தும். திரும்ப வேண்டிய சைக்கிள் நேரே போகும். அந்த வளைவில் நேரே இருப்பது பாலை மரம்.

உண்டு என்று எழுதினால் ஏனென்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் வேலையும் போகும், ஊரில் இருந்த பெயரும் போகும். இல்லை என்று எழுதினால் எட்டுப் பேர் வருவார்கள். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் படுத்தாள்.

இரண்டாம் நாள் வேறொரு சைக்கிளை எடுத்தாள். ஏறுவதற்கு முன், பிரேக் உரசினாலும் மோட்டார் கனக்கும் என்று, தலைகீழாக நிறுத்திச் சில்லுகளைச் சுற்றிப் பார்த்தாள். பிரேக் எங்கும் உரசவில்லை. ரயரில் காற்றுச் சரியாக இருந்தது. மதகடியில் நிற்காமல் வேகமாகப் போய்விடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு மிதித்தாள். போனாள்தான். ஆனால் மதகைக் கடக்கும்போது மணலில் யாரோ ஓடிவரும் சத்தம், நாலைந்து அடி, செருப்பு தட்டத் தட்ட. பிறகு முன்பக்கம் எழும்பியது. மோட்டார் கனத்தது. ஒன்பது வீதம். பாலை மரத்தடியில் இரண்டு தட்டு. இந்தமுறை கொஞ்சம் பலமாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். வெட்கமும்தான்.

மூன்றாம் நாள் நவ்பரைக் கூட்டிப்போனாள். பற்றறி கூடக் குடிக்கிறது, நீங்களும் வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அவன் எண்பத்தைந்து கிலோ. அவளோ அதில் பாதியை எட்டிப்பிடிக்கும் ஆள். தோளில் ஒரு பையோடு வந்தான். பைக்குள் என்ன என்று அவள் கேட்கவில்லை. மதகடியிலிருந்து இருவரும் ஒன்றாக ஓடினார்கள். அவன் வழி நெடுகச் சனிக்கிழமைக் கதையே கதைத்துக்கொண்டு வந்தான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது போலிருந்தது.

குளக்கட்டு மணலில் நின்று திரைகளை ஒப்பிட்டார்கள். அவனுடையது மூன்று வீதம் இறங்கியிருந்தது. அவளுடையது ஐந்து. சைக்கிளை மாற்றி ஓடினார்கள். நூறு மீற்றர் போவதற்குள் பாரம் அவளோடு அடுத்த சைக்கிளுக்கு வந்துவிட்டது.

நவ்பர் இறங்கி வந்த வழியைப் பார்த்தான். வெள்ளை மணலில் இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குனிந்து விரலால் அளந்தான்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. உங்கட பின்சில்லு என்ரையை விடப் புதைஞ்சு கிடக்குது." சிரிக்கப் பார்த்தான். "பின்னுக்கு ஆரையும் ஏத்திக்கொண்டு வாறீங்களோ?"

அவள் முகத்தைக் கண்டதும் அவன் சிரிப்பு பாதியிலேயே செத்தது. ஏதோ வாய்க்குள் ஓதிக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

பாலை மர வளைவில் அவன் முதலில் போய் நிறுத்தினான். பையைத் திறந்து ஒரு பலகையும் சுத்தியலும் எடுத்தான். 'இளைப்பாறும் இடம்' என்று பச்சை மையில் அழகாக எழுதியிருந்தது.

"ரீச்சர்மார் இந்த நிழலில இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும் எண்டு நினைச்சன். இருக்கிறதுக்கு ஒரு வாங்குக்கும் சொல்லிட்டன். நாளைக்கு அதை நட்டுவைக்கக் கிடங்கு கிண்ட ஆள் வரும்" என்று சொல்லிக்கொண்டே பாதையை விட்டிறங்கி மரத்தை நோக்கி நடந்தான்.

சுமித்திரா வாய் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதுதான் உண்மை. கம்பிதான், கம்பிதான், கம்பிதான் என்று மனம் அடித்துக்கொண்டது. நவ்பர் ஓரடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

முதுகில் விழுந்தது தட்டு அல்ல, அடி. இரண்டு அடி, விரித்த கையால், மூச்சு நின்றுபோகும் பலத்தில். சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. வேர் தட்டியது என்று சொல்ல இனி வழியில்லை.

"நில்!" என்று கத்தினாள். "நவ்பர், காலை எடுக்காத! அசையாத!"

அவன் சுத்தியலும் கையுமாக அப்படியே நின்றான். இந்த மண்ணில் அந்தக் குரலுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

"திரும்பாத. போட்ட அடியிலயே காலை வைச்சுப் பின்னுக்கு வா. கீழ பாத்து வா. மெதுவா."

நாலு அடி. அவன் வந்துசேர ஒரு யுகம் பிடித்தது. பாதையை மிதித்ததும் மணலில் குந்திவிட்டான். அவன் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புத் தடி, வெள்ளைத் தடி, கமலேஸ்வரி சொன்னது, தான் கேட்காதது. பூசி மெழுகவில்லை.

"ஒன்பது வருசமா?" என்றான் நவ்பர். "விறகு பொறுக்கச் சனம் வாற காடு அக்கா இது. ஒன்பது வருசமா வாய மூடிக்கொண்டு இருந்தனீங்களா?"

"ஓம்."

நவ்பர் எழும்பினான். தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, அவளைக் காத்திராமல் போய்விட்டான். அவள் பக்கத்துப் பற்றையில் தடிகள் முறித்து, தன் சிவப்புச் சால்வையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டி, மரத்தைச் சுற்றித் தள்ளித் தள்ளி நட்டாள். அன்றைக்கே தொலைபேசி எடுத்து மிதிவெடி அகற்றும் அலுவலகத்துக்கு அறிவித்தாள். தன் பெயரையும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் வந்தவர்கள் வேரை அறுத்துத் தோண்டினார்கள். கம்பித் துண்டுகள் நிறைய வந்தன. அவற்றுக்குக் கீழே, ரின்பால் தகரப் பேணி அளவில் ஒரு மிதிவெடி, வேர் சுற்றிப் பிடித்தபடி இருந்தது. நவ்பரின் கடைசி அடிக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் கூட இல்லை. அவர்கள் அவளிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். கூட வேலை செய்த இரண்டு பேர் அவளைக் கண்டால் தெருவின் மற்றக் கரைக்குப் போனார்கள். குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் நட்ட வெள்ளைத் தடிகளையும் சேர்த்துத்தான் அவள் பொய்யாக்கிவிட்டாள்.

ஆசிரியைகளின் வருகை தள்ளிப்போனது. இரண்டு கிழமை கழித்து நவ்பர் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. படிவத்தை நீட்டினான்.

"நிலத்தை முழுக்கத் திருப்பிப் பாத்து முடிச்சிட்டாங்கள். நீங்களும் இன்னொருக்கா ஓடிப் பாத்து எழுதித் தாங்கோ" என்றான். பிறகு, "உள்ளதை எழுதுங்கோ அக்கா" என்றான்.

அவள் ஓடினாள். மதகடியில் வேகத்தைக் குறைத்தாள். பிறகு காலூன்றி நின்றாள். வெயிலில் ஒரு ஈ பறக்கும் சத்தம் கூடக் கேட்டது. தன்னையறியாமல் இருக்கையில் முன்னுக்கு நகர்ந்து, பின்னால் கொஞ்சம் இடம் விட்டாள்.

"கமலி, ஏறனடி" என்றாள்.

முன்பக்கம் எழும்பவில்லை. மோட்டார் கனக்கவில்லை. பாலை மரம் வரை நாலு வீதம், சொல்லி வைத்தாற் போல் நாலே வீதம். வளைவைத் தாண்டி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். மணலில் தடம் மெல்லிசாக, ஒரு ஆளின் தடமாகக் கிடந்தது. மூன்று நாள் அவளை நடுங்கவைத்த பாரம் போய்விட்டது. அவள் அங்கேயே குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

பின்னேரம் படிவத்தை நிரப்பினாள். ஐந்தாவது கேள்விக்கு, ஆபத்து இருந்தது, என் பிழையால் இருந்தது, இப்போது அகற்றப்பட்டுவிட்டது என்று எழுதினாள். கடைசிக் கேள்வி, இந்தச் சைக்கிளில் எத்தனை பேர் ஏறலாம் என்பது. அதற்கு விடை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. 'ஒருவர் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.