அண்ணி வீட்டு வாளி

நகராட்சிக் குப்பை வண்டியோடு போகிறவள் அவள். அண்ணன் குடியிருந்த தெருவும் அவள் பொறுப்புதான். அன்று அண்ணி கொடுத்த வாளியைக் கவிழ்த்தபோது, வெங்காயத் தோலோடு பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன. சுகாதார நிலையத்தில் அண்ணிக்குக் கொடுத்த காசநோய் மாத்திரைகள்.

"என்ன அண்ணி இது?"

"கத்தாத. அதப் போட்டா குமட்டிக்கிட்டு வருது, தையல் மிஷின்ல உட்காரவே முடியல. இருமல்தான் நின்னுடுச்சே. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாத."

உள்ளே கைக்குழந்தை சிணுங்கியது.

அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் சொன்னாள்.

"நல்லவேளை சொன்னீங்க. பாதியில விட்டா நோய் முத்திடும், குழந்தைக்கும் ஒட்டிக்கும்" என்ற நர்ஸ் அன்றே அந்த வீட்டுக்குப் போனார். குமட்டலுக்குத் தனியாக மருந்து தந்து, தினமும் தன் கண்ணெதிரே மாத்திரை போட வைத்தார்.

அண்ணிக்கு உடம்பு தேறியது. ஆனால் நாத்தனாரோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். காலையில் வாளியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"குழந்தை எப்படி இருக்கு அண்ணி?" என்று இவள் தினமும் கேட்கிறாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்ததும் அடுத்த வீட்டுக்கு நகர்கிறாள்.