டான் எலிஹியோவின் பெயரில் இருந்த வீடு

பிப்ரவரி மாதம் இறந்துபோன டான் எலிஹியோ பெரால்ட்டா, வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இருந்த காரணத்தால், வீட்டை விட்டுப் போகவில்லை. நியூயார்க்கில், வாஷிங்டன் ஹைட்ஸின் 179ஆம் தெருவில், லிஃப்ட் அடிக்கடி படுத்துவிடும் அந்தக் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மூச்சில்லை, நாடியில்லை, தாடி வளர்வது நின்றுவிட்டது. மற்றபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார், கேட்டால் பதில் சொன்னார்.

எல்லாம் அவருடைய மருமகள் மில்கேயாவுக்காக. அவர் மகன் அனிபல் ஒரு சிகையலங்காரக்காரியோடு பிலடெல்பியாவுக்குப் போய்விட்ட பிறகு, மில்கேயா சிறுமி டாரிஸைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு தேடி அலைந்தாள். சட்டம் வாடகையைக் கட்டிப்போட்ட வீடு வேண்டும். வீட்டுக்காரன் நினைத்தபோது ஏற்றவும் முடியாது, நினைத்தபோது வெளியே தள்ளவும் முடியாது. அப்படியொன்று கிடைக்காததால் பிராங்க்ஸில் ஜன்னலில்லாத நிலவறையில் ஒரு வருடம், குவீன்ஸில் யாரோ ஒருவருடைய சமையலறையில் திரை கட்டி ஒரு வருடம் இருந்தார்கள். ஒரே ஒரு முறை அத்தகைய வீடு ஒன்று காலியென்று கேள்விப்பட்டுப் போனாள். வரிசை தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்கும் போயிருந்தது. தரகர் அவளைப் பார்த்துச் சிரித்தார்: "அந்த வீடெல்லாம் காலியாகாதும்மா. உள்ள இருக்கிறவங்க செத்தாலும் குடும்பத்துக்குள்ளயே போயிடும்."

அவள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு டான் எலிஹியோதான் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "எம் புள்ள பண்ணது அயோக்கியத்தனம். நீ ரெண்டு வருஷம் எங்கூட இரு. அப்புறம் சட்டப்படி வீடு உன்னுது. நான் மோக்காவுக்குப் போயி உன் மாமிகிட்டப் படுத்துக்கறேன்" என்றார். கடல் தாண்டியிருந்த அந்தச் சொந்த ஊரில் மாமி எர்சிலியா புதைக்கப்பட்டுப் பல காலமாகியிருந்தது. மில்கேயா வந்தாள். முதல் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே, அவள் அவருடைய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கிழவர் உயிர் போய்விட்டது. அவள் அழவில்லை, பூட்ஸைக் கையில் வைத்தபடியே அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "மாமா, இப்பப் போகாதீங்க. இப்பப் போனீங்கன்னா எங்களைத் தெருவுல விட்டுடுவாங்க." டான் எலிஹியோ கண்ணைத் திறந்து, "அப்ப இன்னொரு காலையும் கழட்டு" என்றார்.

அவர் பிணம் வீச்சமெடுக்கவில்லை. கோடையில் கொஞ்சம் உலர்ந்தார், அவ்வளவுதான். மில்கேயா தினமும் பே-ரம் என்ற வாசனைத் தைலத்தைத் தடவிவிட்டாள். ஒப்பந்தம் பிடித்துவைத்திருந்ததால் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை; டாமினோ நண்பர்கள் மேலே ஏறி வந்து அவரோடு ஆடினார்கள். முன்னைவிட நிதானமாக ஆடினார், நிறைய ஜெயித்தார். "செத்தவன்கிட்டயே தோக்கிறியே, உனக்கெல்லாம் எதுக்குடா உசிரு" என்று ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டார்கள். வீடு காலியானால் வாடகையை மும்மடங்காக்கலாம் என்று காத்திருந்த வீட்டுக்காரர் தன் ஆள் டெவ்லினை அனுப்பினார். அதற்கு முன்பே அந்த வீட்டுக்கு ஹீட்டரை நிறுத்திவைத்திருந்தார். டெவ்லின் கிழவரின் கையைக் குலுக்கிவிட்டு, "என்ன, கை ஐஸா இருக்கு?" என்று கேட்டான். மில்கேயா, "ஹீட்டரைப் போடச் சொல்லுங்க, சூடாயிடும்" என்றாள். அவன் படியிறங்கினான்.

எர்சிலியா மோக்காவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். அது கிழவருக்கு மட்டும் கேட்டது. ஆரம்பத்தில் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல இருந்ததாம். இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவர் சொன்னார்: "மில்கேயா, குரல் சன்னமாயிட்டே போகுது. கேக்கும்போதே கிளம்பிடட்டுமா?" டாரிஸ் அப்போது பள்ளிக்கூடத்துக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள். மில்கேயா குழந்தையின் பின்னலைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் மாமா" என்றாள். அவர் தலையாட்டினார். அன்று டாமினோவுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, முழு நாளும் காதைக் கையால் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கெடு முடிந்ததும் வாசல் அவரை விட்டுவிட்டது. வழக்குமன்றத்துக்கு டான் எலிஹியோவே போய், தான் இறந்துவிட்டதாக வாக்குமூலம் கொடுத்தார். வீட்டுக்காரரின் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அம்மாள் கிழவரை அருகே அழைத்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்று காலை முதல் இறந்தவராகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் மில்கேயாவின் பெயருக்கு மாறியது. கிழவருக்கு வெள்ளை லினன் சட்டை போட்டு, தொப்பி வைத்து, மோக்காவுக்கு வழியனுப்ப நண்பர்கள் நடைபாதையில் நிறுத்தினார்கள். அவர் தெற்கே பார்த்தார், ஆற்றுப் பக்கம் பார்த்தார், வெகுநேரம் நின்றார். பிறகு மருமகளிடம் திரும்பி, மரியாதையான குரலில் கேட்டார்: "என்னைக் கூப்பிட்டது யாரு?"

மில்கேயா பெயரைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெயர் அவருக்கு எதையும் கொண்டுவரவில்லை. மோக்காவுக்கு அனுப்பிப் புதைக்கலாமென்றால், எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்கிறவரை எந்த விமானக் கம்பெனியும் பெட்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. எனவே மேலே கூட்டிவந்தாள். அவர் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்ததில்லை. பே-ரம் தடவும்போதும் கழுத்தைத்தான் பார்ப்பாள்.

வருடங்கள் போயின. டாரிஸ் கல்யாணம் பண்ணிக்கொண்டு தனியே போனாள், வீடு வீடாக மாறினாள், வரிசைகளில் நின்றாள், கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். தெருவில் இப்போது ஒரு காப்பியின் விலைக்கு முன்பு ஒரு வேளைச் சாப்பாடே கிடைக்கும். மில்கேயாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. மருத்துவர் சொன்னதை அவள் சொல்லவில்லை, ஆனாலும் டாரிஸ் சமையலறை வாசலில் நின்று, குழந்தையைத் தோள் மாற்றியபடி கேட்டாள்: "அம்மா, நாங்க வந்து இப்பத்தானே ஆச்சு. ரெண்டு வருஷம் இருப்பே இல்ல?"

மில்கேயா அடுப்பை அணைத்தாள். "இருப்பேன்டி" என்றாள். கூடத்தில் டான் எலிஹியோ சோபாவில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.