இருபத்திமூன்றாவது கேள்வி

அவள் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றுப் பதினொரு நாள் ஆகிறது. பிள்ளைகள் ‘விசில் சார்’ என்று கூப்பிட்ட பழைய தலைமை ஆசிரியர் இடைநீக்கம் செய்யப்பட்டு வீட்டில் இருக்கிறார். தேர்வு முடிந்த மாலையில் பிள்ளைகளின் விடைத்தாளில் பென்சில் வட்டங்களை ரப்பரால் அழித்து மாற்றியதை ஒப்புக்கொண்டுவிட்டார். தனியாகத்தான் செய்தேன் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்.

அது பொய். அறிவியல் தாளுக்கு விடை போட்டுக் கொடுத்தது அவள்தான்.

“ரிசல்ட் விழுந்தா ஸ்கூலையே மூடிடுவாங்கம்மா. விடைத்தாள் கட்டு எடுக்க வண்டி வர இருபது நிமிஷம்தான் இருக்கு” என்று அன்று விசில் சார் அவளிடம் வினாத்தாளை நீட்டினார். நாற்பது கேள்விக்கும் மளமளவென்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரப்பரை அவள் தொடவில்லை. அந்த ஒரு சமாதானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள். பதவி வந்த அன்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, “ஹெச்.எம். அம்மா, இனிமே நாங்கல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிவோமா?” என்று சீண்டியபோதும் சிரித்து வைத்தாள்.

இன்று விசாரணை அதிகாரி மேசை மீது விடைத்தாள்களைப் பரப்பினார்.

“ஒரு வேடிக்கை பாருங்க மேடம். இருபத்திமூணாவது கேள்வி. டம்ளர் தண்ணியில மிதக்கிற பனிக்கட்டி உருகினா தண்ணி மட்டம் என்ன ஆகும்? முப்பத்தோரு பிள்ளைங்க ‘மாறாது’ன்னு சரியா போட்டிருக்கு. அதைப் போய் அழிச்சு ‘உயரும்’னு மாத்தியிருக்காங்க. திருட வந்தவன் தன் பர்ஸை வச்சிட்டுப் போன கதைதான்.”

அவர் சிரித்தார்.  அந்த அவசரத்தில் அவள் கேள்வியைப் பாதிதான் படித்திருக்கிறாள்.

“பழைய ஹெச்.எம். மொழிப்பாடம் எடுக்கிறவர். அவருக்கு இதெல்லாம் வராது. யாரோ விடை போட்டுக் கொடுத்திருக்காங்க. நீங்களா இருக்க முடியாது. இத்தனை வருஷம் அறிவியல் பாடம் எடுக்கிறவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டீங்க. அன்னிக்குக் கூட இருந்தது கட்டு கட்டின கணக்கு வாத்தியார். தற்காலிகம்தானே? வேலையை விட்டு எடுத்துடலாம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ஃபைலை மூடிடலாம்.”

அவளுடைய தப்பே அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கணக்கு வாத்தியாரின் குரல் கேட்டது. யாரையோ வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம்தான், “இந்த வருஷமாவது நிரந்தரம் பண்ணிடுவாங்களா மேடம்? மாமனார் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்று அசடு வழியச் சிரித்தார். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“இருங்க, பேருக்கு ஒரு பிள்ளையையும் கேட்டு எழுதிக்கிறேன்” என்றார் அதிகாரி.

தையல்காரரின் மகள் வந்து நின்றாள். அவர் தாளைக் காட்டியதும் முகம் சுருங்கிப் போயிற்று. அவரை விட்டுத் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள்.

“சாரி மிஸ். நீங்க டம்ளர்ல தண்ணி மட்டத்துக்கு ரப்பர் பேண்டு போட்டு, பனிக்கட்டி உருகற வரைக்கும் எங்களை நிக்க வச்சுக் காட்டினீங்க. மாறாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். கடைசி நிமிஷத்துல எனக்குச் சந்தேகம் வந்துடும் மிஸ். நானே மாத்திட்டேன் போல.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“நீ மாத்தல. நீ சரியாத்தான் போட்ட. தப்பான விடையைப் போட்டுக் கொடுத்தது நான்.”

“மேடம், யோசிச்சுப் பேசுங்க” என்றார் அதிகாரி.

“கணக்கு வாத்தியார் கட்டு கட்டினதோட சரி. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்கோங்க சார்.”

அந்தப் பெண் நகரவில்லை. தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நாங்க பாஸாக மாட்டோம்னு நெனச்சீங்களா மிஸ்?”

பதில்கள் வரிசை கட்டி நின்றன: பள்ளியை மூடிவிடுவார்கள், விசில் சார் பெரியவர், எப்படி மறுப்பது, இருபது நிமிஷம்தான் இருந்தது. 

“ஆமா” என்றாள்.

“எங்கப்பா கேட்டா என்ன சொல்லட்டும்?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சாயங்காலம் நானே கடைக்கு வந்து சொல்றேன்.”

“எல்லார் வீட்டுக்கும் போவீங்களா?”

“போவேன்.”

அந்தப் பெண் தாளைக் கவனமாகக் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதிகாரி பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் தேதியைப் போட்டுவிட்டு, யாருடைய பெயரை முதலில் எழுதுவது என்று ஒரு கணமும் யோசிக்காமல் தன் பெயரை எழுதினாள்.