சக்களத்திக்கு எடுத்த அளவு

“நாலே கால்!” என்று கண்ணாடிப் பெட்டியின் மேல் இஞ்சு டேப்பைப் பிடித்தபடி அவள் கத்தினாள். தையல்காரிக்கு அளவைச் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உடம்பு முடியாமல் படுத்த பிறகு, அவள் சொல்லும் அளவுகளை நோட்டில் எழுதுவதே அவருடைய வேலையாகிவிட்டது. உள்ளறைக் கட்டிலிலிருந்து பென்சில் உரசும் சத்தம் மெதுவாக வந்தது.

“வால் நுனி வரைக்கும் எடுத்தியா?”

“எடுத்தாச்சு. கவுனா, கோட்டா? அவளையே கேட்டுச் சொல்லுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

பெட்டிக்குள் அந்தக் கறுப்புத் தேள் மரப்பட்டையை ஒட்டிக் கிடந்தது. மூன்று வாரமாக எதுவும் தின்னவில்லை. இரைக்குப் போட்ட கரப்பான் அதன் முதுகின் மேலேயே ஏறி உலாத்தியது. இரண்டு வருடமாக அவள் இந்தப் பிராணியைச் சக்களத்தி என்றுதான் சொல்லி வருகிறாள். தன் மாத்திரையை மறந்தாலும் அதற்குத் தண்ணீர் தெளிக்க மறக்காத மனிதரை வேறு எப்படித்தான் குத்திக்காட்டுவது?

விற்ற கடைக்காரர் இதைக் காட்டுத்தேள், முழுசாக வளர்ந்தது என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அது உண்மையானால் இனித் தோல் உரிக்காது. இப்படிச் சுருண்டு கிடப்பது சாவதற்குத்தான். அவள் கணவரோ லென்ஸ் வைத்துப் பார்த்து, இடுக்கியெல்லாம் பொரிபொரியாக இருக்கிறது, இது எம்பரர் என்கிற பெரிய ஜாதி, இன்னும் வளர வேண்டியது என்றார். அப்படியானால் கடைசித் தோலை உரிக்கத் தயாராகிறது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் பென்சிலால் ‘எம்பரர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

“கரப்பான எடுத்துடு. சட்டை உரிக்கிற நேரத்துல அது கடிச்சு வச்சிடும். அவளத் தொடாத. ஈரம் மட்டும் காயக் கூடாது.”

“சட்டையா? அப்ப என்கிட்டதானே வந்திருக்கணும்.”

“உரிச்சப்புறம் அந்த ஊதா டார்ச்ச அடிச்சுப் பாரு. பழைய சட்டை பச்சையா மினுங்கும். புதுசா வெள்ளையா வந்தவ மினுங்க மாட்டா.”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு தடவை மூச்சு வாங்கியது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கட்டின மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரப்பானைக் குறடால் பிடித்து வெளியே எடுக்கும்போதுதான் உறைத்தது. டாக்டர் கையை விரித்து ஒரு வாரமாகிறது. இந்த வீட்டில் நல்ல சேதி வருவதானால் இனி இந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். “என்ன பண்றா?”

எழுந்து போய்ப் பார்த்தாள். அசைவே இல்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“உரிச்சிட்டா.”

“நெசமாவா?”

“நீங்க சொன்னதுதான் சரி. எம்பரர்தான். வெள்ளைவெளேர்னு நிக்கிறா.”

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “அளவு?”

“நாளைக்கு எடுக்கறேன். இப்ப கிட்டப் போனா பயந்துக்குவா.”

“ஆமா. நாளைக்கு எடு.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்து திரும்பும்போது பதினொரு மணி. அவளுடைய அண்ணன் பெட்டியின் முன் குனிந்து பார்த்தார்.

“இதுவும் போயிடுச்சும்மா. குப்பையில போட்டுடறேன். நீ இதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத.”

அவளும் பார்த்தாள். இடுக்கி, கால், வால் எல்லாம் கட்டையாகக் கிடந்தன. உரித்துவிட்டது என்று நேற்று அவரிடம் சொன்ன பொய் அவளை விடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். அவற்றையெல்லாம் சரிபண்ண மறுநாள் என்று ஒன்று இருந்தது.

“கொண்டுபோண்ணே.”

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார்.

“இரு, இரு. இப்படி மேசையில வை.”

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு ஊதா டார்ச்சை அடித்தாள். தேள் நகநுனி வரை பச்சையாக மினுங்கியது. முகத்தின் முன்பக்கம் மட்டும் பிளந்திருந்தது. தையல் பிரிந்த உறையைப் போல உள்ளே ஒன்றுமில்லை.

“திரையைத் திறண்ணே.”

வெளிச்சம் வந்தது. மரப்பட்டையின் நிழலில் வெளுத்த ஒன்று காலை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் இரண்டடி பின்னால் போனார். “ரெண்டு வளத்தாரா மாப்பிள்ளை?”

“ஒண்ணுதாண்ணே. சட்டை மாத்தியிருக்கா.”

தையல் மெஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்து வந்தாள். அது வாலை நீட்டும்வரை காத்திருந்து, கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“அஞ்சு!” என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினாள்.

அண்ணன் திடுக்கிட்டார். டேப்பை எடுக்காமல் அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். உள்ளே பென்சில் உரசும் சத்தம் வரவில்லை.

பிறகு தானே உள்ளே போய், கட்டிலின் மேல் கிடந்த நோட்டில் நாலே காலுக்குக் கீழே ஐந்து என்று எழுதினாள். பென்சிலோடு திரும்பி வந்து, பெட்டியின் சீட்டில் இருந்த கேள்விக்குறியைப் பென்சிலின் பின்பக்க ரப்பரால் அழித்தாள். அவருடைய எழுத்தின் மேல் பட்டுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள்.