தம்பி கட்டிய கட்டு

சலூன்காரருக்கு இடது கணுக்காலின் உட்பக்கம் வந்த புண், ஆறாமல் பதினோரு மாதம் அவரை ஆட்டி வைத்தது. அவரோ நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களோ வாயாலேயே வைத்தியம் பார்க்கிறவர்கள். காற்றுப் பட விடு என்றார் ஒருவர். ஈ மொய்க்கும், மூடி வை என்றார் அடுத்தவர். நடந்தால்தான் ஆறும் என்றும், அசைக்கவே கூடாது என்றும் தலைக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்ததில், மிளகளவு இருந்த புண் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா விரலடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகக் கட்டுப் போட்டு, உட்காரும்போதெல்லாம் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். நாலே மாதத்தில் புண் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. யாராவது நொண்டிக்கொண்டு கடைக்குள் வந்தால், தலையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்.

அவருடைய அண்ணன் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். விடாமல் சிகரெட் பிடிப்பவர். அவருக்கும் கணுக்காலில் புண், வெளிப்பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தார். ஒருநாள் தம்பி கண்ணில் பட்டுவிட்டது.

"ஏண்ணே, நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு, வீட்டில் மிச்சமிருந்த கட்டுத்துணியை எடுத்து வந்தார். நர்ஸம்மாவே அசந்துபோகும்படி சுற்றி, மூன்று தலையணை மேல் அண்ணன் காலைத் தூக்கி வைத்தார்.

"டேய், உசிர் போகுதுடா. காலைத் தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் வலி குறையுது."

"தொங்கவே விடக்கூடாது. எனக்கும் முதல்ல வலிக்கத்தான் செஞ்சுது. பொறுத்துக்கோண்ணே."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தம்பி வந்து பார்த்தால், விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நர்ஸம்மா கட்டைப் பார்த்ததுமே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். பாதத்தின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து நாடியைத் தேடினார். சலூன்காரர் காலில் வைத்தபோது டப் டப்பென்று அடித்த கருவி அது. இப்போது லேசாக ஒரு முனகல்தான் கேட்டது.

"ரெண்டும் ஒரே புண்ணுதானேம்மா?"

"பார்க்கத்தான் ஒண்ணு. உங்களுக்குக் கால்ல இறங்கின ரத்தம் மேல ஏறாம தேங்கி நின்னுச்சு. அதனால இறுக்கிக் கட்டினோம். இவருக்கு ரத்தக்குழாய் அடைச்சிருக்கும் போல, ரத்தம் பாதத்துக்கு வந்தே சேரல. வந்துட்டிருந்த கொஞ்சத்தையும் நீங்க நிறுத்திட்டீங்க. கட்டுறதுக்கு முன்னாடி இதை வச்சுப் பார்க்கிறது அதுக்குத்தான்."

சலூன்காரருக்குக் கட்டும் முன்னாலும் வைத்துப் பார்த்தார்கள், உண்மைதான். அதை ஏதோ ஆஸ்பத்திரி சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதே துணி, அதே சுற்று. தன் காலைக் காப்பாற்றியது அண்ணன் காலுக்கு எமனாகுமா? தூக்கி வைப்பது நல்லதா, கெட்டதா? கேட்டால் இன்னும் குழம்பிவிடுமோ என்று கேட்கவும் பயந்தார். அவமானம் வேறு பிடுங்கித் தின்றது.

டாக்டர் வந்து, சோதித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்றைக்கே ரத்தக்குழாய் அடைப்பை எடுக்க வேண்டும். அப்படியும் ஒரு விரல் போகலாம். தள்ளிப் போட்டால் காலே போய்விடும். சிகரெட்டை இனி தொடக்கூடாது. சம்மதம் என்றால் இதில் கையெழுத்து.

அண்ணன் தாளை வாங்கவில்லை. "தம்பியைக் கேளுங்க டாக்டர். அவனுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. அவன் சரின்னா சரி."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அவங்க சொல்றதைக் கேளு."

அண்ணன் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார்.

"அப்போ, தெரியாமலாடா எனக்குக் கட்டினே?"

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாண்ணே," என்றார் தம்பி.